ஆங்கில வினையின் காலமும் நின்றுபோன மூன்றாம் தவணையும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்களிலும் திட்ட அலுவலகங்களிலும் வெளிக்கள உத்தியோகத்தர்களாகச் சேரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்து, கிராமங்களை நன்றாக அறிந்து, சனங்களோடு பழகத் தெரிந்து வேலைக்கு வரும் எங்களிடம் முதல் மாதம் முடியும் முன்பே ஆங்கிலத்தில் அறிக்கை கேட்கப்படுகிறது. தெரியாத சொற்களை அகராதியில் தேடி எடுத்துவிடலாம். ஆனால் ஒரு வினையை எந்தக் காலத்தில் எழுதுவது என்பதை அகராதி சொல்லித் தராது. அந்த ஒன்றினால் வீடு கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் கொடுப்பனவு ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றுபோனதை நான் தனியாக நின்று பார்த்தேன். கீழே எழுதியிருப்பவற்றை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.

எங்கள் திட்டம் இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே உள்ள சில கிராமங்களில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வீடு கட்ட உதவியது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்ட வேண்டும்; அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரப் பணம் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா இப்படித்தான் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது என்பதால், இந்த முறை வன்னியில் எல்லோருக்கும் பழகியது. இதில் ஒரு கட்டம் முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்ற கேள்விக்கான பதில்தான் பணத்தை விடுவிக்கிறது. எனக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர் விட்டுச்சென்ற அறிக்கையின் வாசகங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எண்களையும் கிராமப் பெயர்களையும் மாத்திரம் மாற்றி அனுப்பும்படி அலுவலகத்தில் என்னிடம் சொல்லப்பட்டது. அந்த வாசகங்களில் அநேகமானவை ‘ஆர்’ என்பதற்குப் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினைகளாக இருந்தன. ‘தே ஆர் கம்ப்ளீட்டிங் த வோல்ஸ்’ என்பது அவற்றுள் ஒன்று. தமிழில் நினைத்துக்கொண்டு படித்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. சுவர்களை முடித்துக்கொண்டு வருகிறார்கள், வேலை ஒழுங்காக நடக்கிறது என்ற பொருளே மனத்தில் எழும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கோ அந்த வாக்கியம், சுவர் இன்னும் முடியவில்லை என்று அறுதியாகச் சொல்கிறது.

கொழும்பில் இருந்த தலைமை அலுவலகம் அதை அப்படித்தான் படித்தது. கூரை மட்டத்துக்குச் சுவர் எழும்பி நின்ற வீடுகள் முடியாத வீடுகளாகக் கணக்கில் ஏறின. மூன்றாம் தவணை நிறுத்தி வைக்கப்பட்டது. பொறியியலாளர் மீண்டும் வந்து அளந்து கையெழுத்திட்ட பின்னரே பணம் வரும் என்று கடிதம் வந்தது. அவர் வருவதற்குள் கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. கூரையில்லாத சுவர்கள் நனைந்து கறுத்தன, வாங்கி வைத்த சீமெந்து மூடைகள் இறுகிப் போயின, குடும்பங்கள் தறப்பாளுக்குக் கீழேயே இன்னொரு மாரியைக் கழித்தன. ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, நீங்கள் வந்து சுவரைப் பார்த்திட்டுத்தானே போனனீங்கள், பிறகேன் காசு வரேல்லை?” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வாக்கியத்தால் இது நடந்தது என்பதையே அப்போது எனக்கு ஒருவரும் விளக்கியிருக்கவில்லை. தை பிறந்த பின்பே பணம் வந்தது. திட்டம் பிந்தியதால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதும் பிந்தி, இடைப்பட்ட காலத்துச் சம்பளம் எனக்குக் கிடைக்காமல் போனது. அந்த நாட்களில் எனக்கு இருந்தது பெரும்பாலும் கோபம். இத்தனை பேருடைய வீடு தங்கியிருக்கும் ஒரு விடயத்தை, பழகிக்கொள் என்று சொல்லிப் புதியவர்களிடம் விட்டுவிடுகிறார்களே என்ற கோபம் இன்றும் தீரவில்லை.

பிறகு வவுனியாவில் ஒரு தனியார் ஆங்கில வகுப்பில் 22,000 ரூபா கட்டிச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ9 வீதியால் காலை பஸ்ஸில் போய் மாலை திரும்பிய செலவைச் சேர்த்தால் தொகை இன்னும் கூடும். அங்கே பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு அட்டவணையைத் தந்து, ‘ஈட்’ என்ற ஒரே வினையைப் பன்னிரண்டு விதமாக மனனம் செய்ய வைத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தமிழ் வடிவம் எதிரே எழுதப்பட்டிருந்தது. ‘ஐ வில் ஹாவ் பீன் ஈட்டிங்’ என்ற வடிவத்துக்கும் ‘ஐ ஏட்’ என்ற வடிவத்துக்கும் அதில் ஒரே அளவு இடம். முதலாவதை நான் இன்றுவரை எந்தக் கடிதத்திலும் அறிக்கையிலும் சந்தித்ததில்லை. இலக்கண அறிஞர்கள் பலர் ஆங்கில வினை உருமாறிக் காட்டும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் என்ற இரண்டுதான் என்றும், எதிர்காலத்துக்குத் தனி உருபு இல்லை என்றும் சொல்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஏனையவை எல்லாம் ஒரு செயல் முடிந்ததா, நடக்கிறதா, அதன் பலன் இப்போதும் நிற்கிறதா என்பதைக் காட்டத் துணைவினைகளைச் சேர்த்துக் கட்டியவை. அட்டவணை மனனமானது, எந்த இடத்தில் எதை எழுதுவது என்ற என் கேள்வி அப்படியே இருந்தது. பணம் கட்டுவதற்கு முன்பு அத்தகைய வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வேலைத்தலத்து வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, ஏன் இந்தக் காலம், ஏன் மற்றது இல்லை என்று கேளுங்கள். ஆசிரியர் அட்டவணையைக் காட்டி விலகினால் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

கட்டத்துக்கு ஒரு தமிழ் வடிவம் என்று பொருத்திப் படிப்பதன் தீங்கு ‘ஹாவ்’ சேரும் வடிவத்தில்தான் மிக அதிகம். அதற்கு ‘வந்திருக்கிறார்’ என்று பொருள் சொல்லித் தருகிறார்கள். தமிழில் ‘பிரதேச செயலாளர் நேற்று வந்திருக்கிறார்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அவர் வந்ததை நாம் நேரில் பார்க்கவில்லை, பிறகு தெரிந்துகொண்டோம் என்ற குறிப்பும் அதில் இருக்கும். காலையில் முற்றத்து ஈரத்தைப் பார்த்து ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் நேற்று, போன மாதம், 2018 இல், இரண்டு கிழமைக்கு முன்பு என்று முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹாவ்’ வடிவத்துக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. ‘ஷீ ஹாஸ் கம் யெஸ்டர்டே’ பிழை; ‘ஷீ கேம் யெஸ்டர்டே’ சரி. எனக்கு இது விளங்கியது குளத்துத் துருசை, அதாவது வயலுக்கு நீர் விடும் மதகை, வைத்து நினைத்தபோதுதான். சாதாரண இறந்தகாலம் என்பது அடைத்துவிட்ட துருசு. எப்போது திறந்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்று நாள் சொல்லலாம், ஆனால் அந்த நீர்ப்பாய்ச்சல் முடிந்த கதை. ‘ஹாவ்’ வடிவத்தில் துருசை எப்போது திறந்தார்கள் என்பது முக்கியமில்லை, நீர் இன்று வயலில் நிற்கிறது என்பதே செய்தி.

ஆகவே 2012 செப்டெம்பரில் போரால் இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது, 2013 செப்டெம்பரில் யாழ்தேவி ரயில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடத் தொடங்கியது, 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன என்பவற்றை எல்லாம் ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். ஆண்டும் மாதமும் அவற்றைப் பூட்டிவிடுகின்றன. ஒரு குடும்பம் சுவரை முடித்துவிட்டது, அடுத்த தவணைக்கு இன்று தகுதியோடு நிற்கிறது என்று காட்ட ‘தே ஹாவ் கம்ப்ளீட்டட் த வோல்ஸ்’ என்று எழுத வேண்டும். முடித்த திகதியையும் தர விரும்பினால் அதே வாக்கியத்தில் சேர்க்காமல், அடுத்த வாக்கியத்தில் இறந்தகால வினையோடு தாருங்கள். ஆங்கிலச் செய்தி எழுதுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்: அரசாங்கம் ஒன்றை அறிவித்திருக்கிறது என்று முதல் வாக்கியம் ‘ஹாஸ்’ வடிவில் தொடங்கும், எங்கே, எப்போது, யார் என்ற விபரங்கள் வந்ததும் வினைகள் சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடும். இதைக் கவனிக்கத் தொடங்கிய பின்பு வகுப்பில் கிடைக்காத தெளிவு எனக்குச் செய்தி வாசித்தே கிடைத்தது. செய்தித் தலைப்புகளை மாத்திரம் மாதிரியாகக் கொள்ளாதீர்கள். நேற்று நடந்த வெள்ளத்தையும் விபத்தையும் தலைப்பில் நிகழ்கால வினையால் எழுதுவது அவர்களுடைய வழக்கம்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழி வீட்டு விபரத் திரட்டில் வரும். ‘நான் 2010 இலிருந்து இந்தக் கிராமத்தில் வசிக்கிறேன்’ என்று ஒருவர் சொல்வதைத் தமிழ் நிகழ்காலத்தைப் பின்பற்றி ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் 2010’ என்று எழுதிவிடுவோம். தொடக்கம் கடந்த காலத்தில், வசிப்பது இன்றும் என்ற இந்த நிலைக்கு ஆங்கிலம் ‘ஹாவ் லிவ்ட்’ அல்லது ‘ஹாவ் பீன் லிவிங்’ என்ற வடிவத்தையே கேட்கிறது. ‘சின்ஸ்’ தொடங்கிய ஆண்டையும் ‘ஃபோர்’ கால நீளத்தையும் எடுக்கும். இதை விட்டு ‘லிவ்ட்’ என்று மாத்திரம் எழுதினால் பொருள் முற்றாக மாறும்: ‘ஷீ லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்’ என்றால் அவர் இப்போது அங்கே இல்லை. காணி உரிமைக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும் ஒருவருடைய பத்திரத்தில் அந்த ஒரு சொல் விடுபட்டால், இன்று அந்தக் காணியில் இருப்பவரை நாமே எழுத்தில் இடம்பெயர்த்துவிடுகிறோம். சத்தியக்கடதாசியோ விண்ணப்பமோ ஆங்கிலத்தில் பிறர் தயாரித்துத் தந்தாலும், வசிப்பிடம், தொழில், திருமணம் ஆகிய மூன்றும் எந்தக் காலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்று கையெழுத்திடும் முன்பு பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து எழுதுவித்தது என்பதற்காக அது சரியாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

‘நேற்று கொழும்புக்குப் போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். அதை அப்படியே ‘ஐ ஹாட் கோன் டு கொலம்போ யெஸ்டர்டே’ என்று எழுதும்போது படிப்பவர், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அடுத்த வாக்கியத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார். ஏனென்றால் ‘ஹாட்’ சேரும் வடிவம் இன்னொரு கடந்தகால நிகழ்வுக்கு முந்தியதைக் காட்டவே வருகிறது. நாங்கள் கிராமத்துக்குப் போனபோது வெள்ளம் வற்றியிருந்தது என்றால், வற்றியதுக்கு ‘ஹாட்’, போனதுக்குச் சாதாரண இறந்தகாலம். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ ஆகிய சொற்கள் வரிசையைத் தெளிவாகக் காட்டிவிட்டால் ‘ஹாட்’ பெரும்பாலும் இல்லாமலும் முடியும். எங்கள் பகுதி அறிக்கைகளில் நான் பார்த்த ‘ஹாட்’களில் பாதிக்கு மேல் தேவையற்றவை என்றே நினைக்கிறேன்.

‘இங்’ வடிவத்தைப் பற்றி மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறிதல், தேவைப்படுதல், உடைமையாக வைத்திருத்தல், நம்புதல் போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகளில் அது பொதுவாக வராது; ‘தே ஆர் ஹாவிங் டூ ஏக்கர்ஸ்’ என்று எழுதக்கூடாது, ‘தே ஹாவ்’ போதும். காலபோகத்திலும் சிறுபோகத்திலும் விவசாயிகள் நெல் விதைக்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் ஆகையால் அங்கே சாதாரண நிகழ்காலம். இந்தக் கிழமை விதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால்தான் ‘இங்’. இந்த வேறுபாடு எங்கள் மண்ணில் எவ்வளவு பாரமானது என்பதற்குக் கண்ணிவெடி அகற்றலைப் பாருங்கள். இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலைப் பக்கத்தில் அகற்றும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு நிலத்தைப் பற்றி ‘இஸ் பீயிங் கிளியர்ட்’ என்று இருந்தால் அங்கே கால் வைக்கக்கூடாது. ‘ஹாஸ் பீன் கிளியர்ட்’ என்று இருந்தால் வேலை முடிந்துவிட்டது. இரண்டுக்கும் இடையில் மாறுவது துணைவினைகள் மாத்திரம்.

எதிர்காலத்தில் ‘வில்’ என்று எழுதுவதை நிதி தருபவர்கள் வாக்குறுதியாகவே படிக்கிறார்கள். செய்ய எண்ணியிருப்பதைச் சொல்ல ‘பிளான் டு’ என்று எழுதுங்கள். ஏற்கெனவே நாள் குறித்த கூட்டத்துக்கு ‘வீ ஆர் மீட்டிங் த சொசைட்டி ஒன் மண்டே’ என்ற வடிவம் இயல்பானது. மழை விட்டதும் தொடங்குவோம் என்பதில் மழை விடுவதும் இனித்தான் என்றாலும், ‘வென்’, ‘அன்டில்’, ‘இஃப்’ ஆகியவற்றை அடுத்து ‘வில்’ வராது: ‘வீ வில் ஸ்டார்ட் வென் த ரெயின் ஸ்டொப்ஸ்’.

பயனாளிகளின் கூற்றை எழுதும் இடம்தான் எல்லாவற்றிலும் எனக்கு அதிக வேதனை தந்தது, ஏனெனில் அங்கே பிழைபடுவது இன்னொருவருடைய வாய்ச்சொல். தமிழில் ஒருவர் சொன்னதை ‘என்று’ போட்டு அவர் சொன்னபடியே வைத்துவிடுகிறோம்: ‘கிணற்றில் தண்ணீர் இல்லை என்று சொன்னார்’. ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற இறந்தகாலத்துக்குப் பின்னால் வரும் வினையும் வழக்கமாக ஒரு படி பின்னே நகர்கிறது: ‘ஹி செட் தட் த வெல் வாஸ் ட்ரை’. இது கிணறு அன்று வற்றியிருந்தது, இன்று நீர் இருக்கிறது என்று பொருள்படாது. சொன்ன நேரத்தை ஒட்டி வினை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஐயா தன் கிணறு உவராகிவிட்டதால் குடிநீருக்கு மற்றவர்களுடைய வளவுக்குப் போவதாகச் சொன்னதை நான் எழுதியபோது, மேலே அதைப் பார்த்த ஒருவர் வினைகளை எல்லாம் பின்னே நகர்த்தித் திருத்தினார். அதைச் சுருக்கித் தமிழாக்கிய இன்னொருவர் அவருடைய சிரமம் முன்பு இருந்து இப்போது தீர்ந்ததாக எழுதிவிட்டார். அந்தப் பெயர் முன்னுரிமைப் பட்டியலில் கீழே போனது. மீண்டும் மேலே கொண்டுவர நான் பல மேசைகளுக்கு ஏறி இறங்க வேண்டியிருந்தது. சொன்ன விடயம் எழுதும் நாளிலும் உண்மையாக இருந்தால் ஆங்கிலம் நிகழ்காலத்தையே வைத்திருக்க அனுமதிக்கிறது. ‘ஹி செட் தட் த வெல் இஸ் ட்ரை’ பிழையில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருக்க, கூற்றை எழுதிய பின்பு ‘த வெல் இஸ் ஸ்டில் ட்ரை’ என்று ஒரு தனி வாக்கியமும், நீங்கள் நேரில் பார்த்த திகதியும் சேர்த்துவிடுங்கள். சனங்களுடைய துயரத்தை எழுதும்போது இந்தச் சிறிய மேலதிக வேலையை ஒருபோதும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நான் கற்றுக்கொண்ட முறைக்குச் செலவில்லை. ஒரு கொப்பியில் ‘சின்ஸ்’, ‘ஃபோர்’, ‘அகோ’, ‘யெட்’, ‘ஆல்ரெடி’, ‘பை’, ‘அன்டில்’ என்று காலச்சொற்களைத் தலைப்பாக இட்டு, வங்கிக் கடிதம், கூட்டக் குறிப்பு, பிற நிறுவனங்களின் நல்ல அறிக்கை ஆகியவற்றில் அந்தச் சொல்லோடு வந்த முழு வாக்கியங்களை எழுதி வைத்தேன். வினையைத் தனியாகப் படிப்பதைவிடக் காலச்சொல்லோடு சேர்த்துப் படிப்பது விரைவாகப் பதிகிறது. பிரிட்டிஷ் கவுன்சிலும் பிபிசியும் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்கள் உதவின. அமெரிக்கர்கள் ‘ஆல்ரெடி’, ‘ஜஸ்ட்’, ‘யெட்’ ஆகியவற்றோடு சாதாரண இறந்தகாலத்தையும் எழுதுவார்கள் என்பதால், இரண்டு நாட்டு ஆவணங்களும் உங்கள் கைக்கு வந்தால் குழம்ப வேண்டாம்.

அடுத்த வேலைக்கான நேர்முகத்தில் இவை எல்லாம் பேச்சிலும் வந்தன. ‘ஹாவ் யூ வேர்க்ட் வித் ஃபார்மர்ஸ்?’ என்பது அனுபவம் உண்டா என்று கேட்கும் கேள்வி. ஆம் என்ற பிறகு வரும் ‘வென்’, ‘வேர்’ கேள்விகள் ‘டிட்’ வடிவில் இருக்கும், பதிலும் சாதாரண இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். ‘ஹவ் லோங் டிட் யூ வேர்க் தேர்?’ என்று கேட்டால் நீங்கள் அங்கிருந்து விலகிவிட்டதாக அவர் நினைக்கிறார். இன்னும் அங்கேயே வேலை செய்பவர் என்றால் உடனே ‘ஐ ஸ்டில் வேர்க் தேர்’ என்று திருத்திவிடுங்கள்.

வேலை கிடைத்ததும் முதல் நாளே நிதி வழங்குநருடனான ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தவணையும் எந்த நிலையில் விடுவிக்கப்படும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். கூரை மட்டம்வரை சுவர் ‘ஹாவ் பீன் கம்ப்ளீட்டட்’ என்று அங்கே இருந்தால், உங்கள் அறிக்கையிலும் அந்த வினை அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அதன் கீழே வீட்டு இலக்கமும் படம் எடுத்த திகதியும் வர வேண்டும். அப்பிரதியை அலுவலகம் தயங்கித் தயங்கித்தான் தரும். வற்புறுத்திக் கேளுங்கள், மாரிக்கு முன்பே கேளுங்கள்.